கொண்டையோடு பிறந்தவன்

எனக்குச் சந்தேக புத்தி அதிகம் என்று கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பிரசவ வார்டில் நிற்பவளுக்கு அது இல்லாவிட்டால்தான் வம்பு. கருவிகளைக் கொதிக்க வைத்தாயா என்று ஆயாவைக் கேட்டால், வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு "ஆச்சி சிஸ்டரு" என்பாள். நான் பாத்திரத்தின் மூடியைத் தொட்டுப் பார்ப்பேன். ஜில்லென்று இருக்கும். வலி எப்போது எடுத்தது என்று பிள்ளைத்தாய்ச்சியின் வீட்டாரைக் கேட்டால் "இப்பதாம்மா" என்பார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய்க் கிடப்பவளைப் பார்த்தாலே முந்தின நாளிலிருந்து துடிக்கிறாள் என்பது தெரிந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் வருஷக்கணக்கில் நின்றவள் யார் எதைச் சொன்னாலும் அப்படியே விழுங்கிவிட மாட்டாள்.

என் வீட்டாருக்கோ என் மேலேயே சந்தேகம். திருவள்ளூரில் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் கைங்கர்யம் செய்கிற குடும்பம் எங்களுடையது. அந்தத் தெருவிலிருந்து நர்ஸ் வேலைக்குப் போனவள் நான் ஒருத்திதான். லீவில் போனால் அம்மா கொல்லைப்புறக் கதவைத்தான் திறப்பாள். "கைய நன்னா அலம்பினியோ?" என்று கிணற்றடியிலேயே கேள்வி வரும். நான் ஆஸ்பத்திரியில் கை கழுவுகிற கழுவலில் பாதிகூட உங்கள் மடைப்பள்ளியில் கிடையாது என்று சண்டைக்குப் போவேன். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

நான் சொல்ல வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. கும்மிடிப்பூண்டிக்கு இந்தப் பக்கம், ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அப்போது வேலை. சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று பேச்சு. ஜீப்பில் வந்து இறங்கிய ஆட்கள் சங்கிலி பிடித்து நிலம் அளந்துகொண்டிருந்தார்கள். எதற்கு அளக்கிறார்கள், யாருடைய நிலம் போகும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பேண்ட் போட்டவன் எவன் வந்தாலும் ஜனங்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டடத்தையும் அப்படித்தான் பார்த்தார்கள். காட்டுப்பள்ளி, பழவேற்காடு ஏரிக் குப்பங்கள், புதுவாயல், அத்திப்பட்டு என்று எங்கிருந்து வந்தாலும், வாசலில் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"ஆயுதம் போடுவீங்களா?"

பிள்ளையின் தலையைப் பிடித்து இழுக்கிற ஃபோர்செப்ஸுக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அது. 'ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை' என்றால் பெண் கொடுக்கிற இடத்தில்கூட ஒரு தடவை நெற்றிப்பொட்டில் தழும்பு இருக்கிறதா என்று உற்றுப் பார்ப்பார்கள். பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய கரண்டி இரண்டை எதிரும் புதிருமாகப் பூட்டினது போல இருக்கும் அந்தச் சாமானை, முதல் தடவை தட்டில் பார்த்தபோது நானே ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன். அதை ஆயுதம் என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் மதராஸிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து சேர்ந்தார். சீமையில் படித்தவர். நரைக்க ஆரம்பித்த தலை, கட்டைக் குரல், தானே ஓட்டி வருகிற பழைய கார் ஒன்று. வந்த அன்றே கருவி அலமாரியைத் திறக்கச் சொன்னார். மேலதிகாரி வந்து அலமாரியைத் திறக்கச் சொன்னால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். எதையாவது குறை சொல்லி என் தலையில் கட்டப் போகிறார் என்று பக்கத்திலேயே நின்றேன். அவரோ ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதன் பூர்வீகத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதுதான் அவருடைய பைத்தியம். மனிதர்களிடம் ஊர் விசாரிப்பது போல அவர் சாமான்களிடம் பெயர் விசாரிப்பார்.

"ஃபோர்செப்ஸ்னா என்ன தெரியுமா சிஸ்டர்? லத்தீன் வார்த்தை. சூடானதைப் பிடிக்கிறதுன்னு அர்த்தம் சொல்றாங்க. கொல்லன் பட்டறையில பழுத்த இரும்பைப் பிடிப்பானே, அந்த இடுக்கிதான் இது."

"அப்ப நம்ம ஜனங்க பயப்படறதுல தப்பே இல்ல டாக்டர்" என்றேன்.

அவர் சிரித்தார். கர்ப்பப்பையின் வாயைப் பிடித்து இழுத்து வைக்கிற டெனாகுலம் என்றால் பிடித்துக்கொள்வது. பல் பல்லாக நுனி உள்ள வல்செல்லம் என்றால் பிடுங்குவது. காயத்தின் ஓரத்தை விலக்கிப் பிடிக்கிற ரிட்ராக்டர் என்றால் பின்னால் இழுப்பது. இழுப்பதற்கு டாக்டர்கள் சொல்கிற டிராக்ஷன் என்ற வார்த்தையும், வயலில் உழுகிற டிராக்டரும் ஒரே வேரில் முளைத்தவை என்றார். எனக்கு அதைக் கேட்கக் கேட்க எரிச்சல்தான் வந்தது. பிடுங்குவது, இழுப்பது, பழுத்த இரும்பு! இதையெல்லாம் நாம் தமிழில் சொல்லியிருந்தால் ஒரு பொம்பளை இந்த வாசற்படி ஏறுவாளா? லத்தீனில் சொல்லி மறைத்துவிட்டார்கள். நல்ல பெயராக இருந்தால் எதற்கு மறைக்க வேண்டும் என்று நான் அவரிடமே கேட்டேன்.

"மறைச்சதுதான் இன்னும் பெரிய கதை" என்று அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சீமையில் ஒரு வைத்தியக் குடும்பம் இந்த இடுக்கியைக் கண்டுபிடித்துவிட்டு, தலைமுறை தலைமுறையாக வெளியே யாருக்கும் காட்டாமல் வைத்திருந்ததாம். பெரிய பெட்டியில் பூட்டித் தூக்கிக்கொண்டு வருவார்களாம். வீட்டு ஜனங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். பிரசவ வலியில் கிடப்பவளின் கண்ணையும் துணியால் கட்டிவிடுவார்களாம். எத்தனையோ தாய்மார்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், தங்கள் பிழைப்புக்காக அதை ரகசியமாக வைத்திருந்தார்கள். கேட்டபோது எனக்கு நெஞ்செல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணைக் கட்டினவனை நம்பு என்று யாராவது சொன்னால் அவன் மேலும் எனக்குச் சந்தேகம் வரும்.

அந்த டாக்டரம்மா தன்னோடு புதுச் சாமான் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். குழிந்த சின்ன உலோகக் கிண்ணம். அதன் முதுகிலிருந்து ஒரு ரப்பர் குழாய், குழாய்க்குள் இழுப்பதற்கு ஒரு சங்கிலி. குழாயின் மறு முனையில் கண்ணாடிப் பாட்டில், அதோடு சைக்கிளுக்குக் காற்றடிப்பது போன்ற ஒரு கைப்பம்பு. இது காற்றை அடிக்காது, உறிஞ்சும். கிண்ணத்தைப் பிள்ளையின் உச்சந்தலையில் வைத்து உள்ளே இருக்கிற காற்றை மெல்ல மெல்ல உறிஞ்சினால் அது கவ்விக்கொள்ளும். தாய் முக்கும்போது கூடவே நாம் இழுக்க வேண்டும். வாந்தூஸ் என்று பெயர்.

"பிரெஞ்சு வார்த்தை. ரத்தம் வாங்கறதுக்கு உடம்புல குப்பி வைப்பாங்க இல்ல, அதைத்தான் அப்படிச் சொல்லுவாங்க. அதுக்கும் முன்னால லத்தீன்ல அந்தக் குப்பிக்குக் காற்றுச் சுரைக்காய்னு பேரு."

சுரைக்காயும் காற்றும்! இந்தப் பெயராவது பயமுறுத்தவில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் வந்தது. இவ்வளவு சாதுவான பெயர் வைத்த சாமான் என்னவெல்லாம் செய்யுமோ என்று, அதைக் கழுவும்போதுகூட விரலைக் கிண்ணத்துக்குள் விடாமல் கழுவினேன்.

வாந்தூஸை முதன்முதலாக எங்கள் வார்டில் வைத்தது ஏரிக் குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு. படகில் பாதி தூரமும் மாட்டு வண்டியில் மீதியுமாக, ஒரு நாள் காலையில் வந்து இறங்கினாள். மெலிந்த பெண். ஏற்கெனவே இரண்டு பிரசவம், இரண்டும் வீட்டில். இரண்டு தடவையும் பிள்ளை வழியிலேயே சிக்கி, செத்துப் பிறந்திருந்தது. இந்த மூன்றாவதும் போனால் புருஷனுக்கு வேறு பெண் பார்த்துவிடுவார்கள் என்று அவளே, இரண்டு வலிக்கு நடுவே, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அழக்கூட இல்லை.

அவளைக் கூட்டிவந்தவள் அவளுடைய நாத்தனார், புருஷனின் அக்கா. மீன் கூடை சுமந்து ஊர் ஊராக விற்கிறவள். உயரமாக, எலும்பும் நரம்புமாக இருப்பாள். நான் நீட்டிய தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். எனக்குப் பொருத்தமான ஆள் இன்று வந்திருக்கிறாள் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

உச்சிப்பொழுது நெருங்கியும் பிள்ளை இறங்கவில்லை. தாய்க்கு முக்கத் தெம்பு இல்லை. பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு குறைய ஆரம்பித்தது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டை எடுக்கத் திரும்பியதுதான் தாமதம், நாத்தனார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஆயுதம் வேணாம். ரெண்டு புள்ளய மண்ணுல போட்டுட்டு வந்துகீறோம். மூணாவது தலயில இரும்பு வச்சி நசுக்கப் போறீங்களா?"

"ஆயுதம் இல்லம்மா. இது காத்து. காத்துதான் பிடிச்சு இழுக்கும்" என்றேன். டாக்டரம்மா சொன்னதைத்தான் நான் சொன்னேன்.

"காத்து இயுக்குமா? யாருகிட்ட சொல்ற? கையில இருக்கறது இன்னா, இரும்புதான?"

விவாதம் பண்ண நேரமில்லை. டாக்டரம்மா வாந்தூஸ் கிண்ணத்தை எடுத்தார். அதை நாத்தனாருடைய முன்னங்கையில் வைத்து அழுத்தி, என்னைப் பம்பு போடச் சொன்னார். போட்டேன். தோல் மேலே எழும்பிக் கிண்ணம் கவ்விக்கொண்டது. நாத்தனார் கையை உதறிப் பார்த்தாள், பிடுங்கிப் பார்த்தாள், வரவில்லை. டாக்டரம்மா காற்றைத் திறந்துவிட்டதும் புஸ்ஸென்று விழுந்துவிட்டது. கையில் பூரி போல ஒரு வீக்கம்.

"கெட்ட ரத்தத்த கொம்பு வச்சி உறிஞ்சறவன் வருவானே, அது மாரி" என்றாள் தனக்குத்தானே. பிறகு வழியை விட்டாள். விட்டாளே தவிர வெளியே போகவில்லை. கதவை ஒட்டி நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பம்பு போட்டேன். டாக்டரம்மா சங்கிலியைப் பிடித்தார். வலி வரும்போது இழுத்து, வலி போனால் தளர்த்தி, மறுபடி வலி வரும்போது இழுத்து. "முக்கும்மா, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று நான் கத்தியதில் எனக்கே குரல் கட்டிவிட்டது. பிள்ளை வந்தது. பையன். ஒரு கணம் சத்தமே இல்லை. நான் காலைப் பிடித்து முதுகில் தேய்த்தேன். வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டு நானும் கூடச் சேர்ந்து அழுதேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கிண்ணத்தை எடுத்தபோதுதான் பார்த்தேன். பிள்ளையின் உச்சியில் உருண்டையாக ஒரு மேடு. நன்றாக வாரி முடிந்து வைத்த கொண்டை மாதிரியே இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரம்மா அசரவே இல்லை.

"பயப்படாதீங்க. கிண்ணத்துக்குள்ள எழும்பின வீக்கம், அவ்வளவுதான். எங்க புத்தகத்துல இதுக்குப் பேரே கொண்டைதான். ஷிக்னான், பிரெஞ்சுல கொண்டைன்னு அர்த்தம். நாளைக்குள்ள அடங்கிடும்."

அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியம் நாத்தனார் காதில் விழவில்லை. அவள் பிள்ளையின் தலையைப் பார்த்தபடி தரையில் மண்டியிட்டு, இரண்டு கையையும் உச்சிக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா! கிரீடம் வச்சி அனுப்பிகீறியே ஆத்தா!"

அவர்கள் குப்பத்தில் ஏரிக்கரையில் ஒரு அம்மன். இரண்டு பிள்ளைகளையும் அவள்தான் எடுத்துக்கொண்டாள் என்று ஊரே சொல்லியிருக்கிறது. ஏதோ ஒரு வருஷம் படையல் சரியாகச் செய்யாமல் விட்டார்களாம், அந்தக் கோபமாம். இந்தத் தடவை நாத்தனார் விரதம் இருந்து, ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றி வந்து, இந்தப் பிள்ளையையாவது விடு, விடுவதற்கு ஒரு அடையாளம் காட்டு என்று வேண்டியிருந்தாள். அம்மன் சிலைக்கும் உச்சியில் உருண்டைக் கொண்டைதான் என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு மத்தியானச் சோறுகூடச் சாப்பிடாமல் ஊருக்குக் கிளம்பிவிட்டாள். போகிற வழியெல்லாம், "கொண்டையோட பொறந்துகீறான், டாக்டரம்மா புத்தகத்திலயே எய்திகீதாம்" என்று சொல்லிக்கொண்டே போனதாக வண்டிக்காரன் பிறகு சொன்னான்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா மதராஸுக்கு ஒரு வேலையாகக் காரில் போய்விட்டார். அப்போது வார்டில் அந்தப் பெண்ணைத் தவிர இன்னும் ஒருத்திதான். புதுவாயலில் லாரி பட்டறை வைத்திருப்பவனின் மனைவி. அவளுக்கும் அதே நாளில் பையன், சாதாரணப் பிரசவம். பிள்ளைகளின் காலில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணியில் எண் எழுதிய பட்டை ஒன்றைக் கட்டி வைப்பது என் பழக்கம். கருவிகளை மட்டுமா, பிள்ளைகளையும் நான் எண்ணித்தான் வைப்பேன்.

நான் மருந்தறையிலிருந்து திரும்பி வந்தபோது ஆயா இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டித் துடைத்து, பவுடர் போட்டு, அவரவர் தாய்ப் பக்கத்தில் கிடத்தியிருந்தாள். ஏரிக் குப்பத்துப் பிள்ளையின் தலையில் கொண்டையைக் காணோம். டாக்டரம்மா சொன்னபடி அடங்கிவிட்டது, அது சரி. காலைப் பார்த்தேன். பட்டையையும் காணோம். அந்தப் பக்கத்துப் பிள்ளையின் காலிலும் காணோம்.

"நனஞ்சிடும்னு அவுத்தேன் சிஸ்டரு" என்றாள் ஆயா. "எனக்குத் தெரியாதா எது எவளுதுன்னு?"

புதுவாயல்காரி காலையில்தான் ஆயாவுக்கு ஒரு புடவை கொடுத்திருந்தாள். பையன் பிறந்த சந்தோஷத்தில் கொடுக்கிறதுதான். ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அந்தப் புடவையும் கண்ணில் உறுத்தியது. இரண்டு பிள்ளைகளும் கறுகறுவென்று முடியோடு, கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றைப் போலவே ஒன்று கிடந்தன. ஆயா சொல்வது நிஜமாக இருக்கலாம். சுடாத பாத்திரத்தையும் அவள் ஆச்சு என்று சொன்னவள்தான்.

நான் யோசித்து முடிப்பதற்குள் நாத்தனார் வந்துவிட்டாள். தனியாக வரவில்லை. பாதிக் குப்பமே வந்திருந்தது. பூ, பழம், தேங்காய், ஒருத்தன் கையில் உடுக்கை. பிள்ளையின் தகப்பனும் கூட்டத்தில் நின்றிருந்தான். எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டு நாத்தனாரை மட்டும் உள்ளே விட்டேன். மற்றவர்கள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

அவள் பிள்ளையை எடுத்தாள். துணியை விலக்கினாள். தலையைத் தடவினாள். தடவிய கை அப்படியே நின்றுவிட்டது.

"கொண்ட எங்க?"

"அடங்கிடுச்சும்மா. அது வீக்கம். டாக்டரம்மா நேத்தே சொன்னாங்க…"

"இன்னா சொன்னாங்க? கொண்டன்னு சொன்னாங்க. என் காதால கேட்டேன். சாமி குடுத்தது ஒரு ராத்திரியில அடங்குமா?" அவள் பிள்ளையைக் கட்டிலில் வைத்துவிட்டு நேராகப் புதுவாயல்காரியின் கட்டிலுக்குப் போனாள். அந்தப் பெண் தன் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். நாத்தனார் எட்டி அந்தப் பிள்ளையின் தலையையும் தொட்டுப் பார்த்தாள். அதிலும் கொண்டை இல்லை. அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "டாக்டரம்மா கார் எங்க?"

"மதராஸுக்குப் போயிருக்காங்க."

"அதான பார்த்தேன்! கிரீடத்தோட பொறந்த புள்ளய கார்ல வச்சி எடுத்துக்கினு பூட்டாங்க. எவளோ பெத்ததை இங்க படுக்க வச்சிட்டு என்னாண்டயே கத சொல்றீங்க. இது எங்க ஊட்டுப் புள்ள இல்ல. நான் இத்த ஏறெடுத்தும் பாக்க மாட்டேன்."

ஜன்னலில் சலசலப்பு. "புள்ளய மாத்திட்டாங்களாம்" என்று ஒரு குரல். தகப்பன்காரன் கம்பியைப் பிடித்து உலுக்கினான். எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. என் கண்ணில் பட்டது வேறு. கட்டிலில் கிடந்த தாய், அதுவரை பிள்ளையின் முதுகில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டாள். பால் கொடுக்கப் போனவள், ரவிக்கையை இழுத்து மூடினாள். பிள்ளை வாயைத் திறந்து தேடியது. அவள் அதன் முகத்தை, யார் வீட்டுச் சாமானோ என்பது போல, தள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அழுதது. அவள் தொடவில்லை.

இரண்டைப் பறிகொடுத்தவள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே பறிகொடுக்கிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் பதறியது. ஆத்திரமும் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஆயா மேலா, காரில் போன டாக்டர் மேலா, எதிரில் நிற்கிற இந்தப் பொம்பளை மேலா? சத்தியம் செய்யலாம் என்றால், எதன் மேல் செய்வது? பட்டை இல்லை. இதுதான் உன் பிள்ளை என்று என் வாயால் சொல்ல, எனக்கே நிச்சயமில்லை.

நாத்தனார் என் முகத்துக்கு நேராகக் கையை நீட்டி ஏசிக்கொண்டிருந்தாள். நான் காதில் வாங்காமல் அந்தக் கையைப் பார்த்தேன். முன்னங்கையில், முந்தின நாள் கிண்ணம் கவ்விய இடத்தில், வட்டமாக ஒரு கன்றிய தடம். வீக்கம் போய்விட்டிருந்தது. வளையம் மட்டும் இருந்தது.

எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் உதறினாள். நான் விடவில்லை.

"நேத்து இந்தக் கையில பூரி மாதிரி எழும்பிச்சே, அது எங்க?"

"அது வீக்கம். வடிஞ்சிப் பூட்ச்சி."

"வளையம்?"

அவள் தன் கையைப் பார்த்தாள். நான் அவளை அப்படியே கட்டிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அழுகிற பிள்ளையை எடுத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மடியில் கவிழ்த்துப் போட்டு, உச்சியில் முடியை விரலால் வகிர்ந்தேன். அங்கே இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அந்த நேரத்திலும் என் புத்தி கேட்டது. பெருமாளே என்று வாய்விட்டே கூப்பிட்டேன். முடியை இன்னும் கொஞ்சம் விலக்கினேன்.

இருந்தது. கருநீலமாக, முழு வட்டமாக, அவள் கையில் இருந்த அதே அளவில் இருந்தது.

நாத்தனார் குனிந்தாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல ஒவ்வொரு முடியாக விலக்கிப் பார்த்தாள். தன் கையைப் பிள்ளையின் தலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறமும் நம்பாமல் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னாள். ஆயா கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தன் கை வளையத்தின் மேல் வைத்தாள், பொருந்தியது. பிள்ளையின் தலைக்கு மேலே தொடாமல் பிடித்தாள், அதுவும் பொருந்தியது. யாரும் சொல்லாமலே போய்ப் புதுவாயல்காரியின் பிள்ளைத் தலையையும் வகிர்ந்து பார்த்துவிட்டு வந்தாள். அங்கே ஒன்றுமில்லை. இன்னொருத்தியாக இருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கட்டிலில் கிடந்த பெண் தானாகவே எழுந்து உட்கார்ந்து, என் மடியிலிருந்து பிள்ளையை வாங்கி, ரவிக்கையை விலக்கினாள். பிள்ளை கவ்விக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. அவள் அந்த வளையத்தின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

நாத்தனார் மட்டும் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பிள்ளை அவர்களுடையதுதான் என்றால் கொண்டை அம்மனுடையது இல்லை. விரதம் இருந்தது, ஈரத்துணியோடு சுற்றியது, அடையாளம் கேட்டது எல்லாம் போயிற்று. அது வெறும் வீக்கம், நாங்கள் இழுத்ததில் வந்த வீக்கம். இவளோ ஊரையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அப்ப ஆத்தா வைக்கல" என்றாள் மெதுவாக. என்னிடம்தான் கேட்டாள்.

வெளியே கூட்டம் பொறுமை இழந்துவிட்டது. "அக்கா, இன்னா ஆச்சி? நம்ம புள்ளதானா? கொண்ட கீதா இல்லியா?" என்று தகப்பன்காரன் கத்தினான். கூட இருந்தவர்களும் கத்தினார்கள். கொண்டை இல்லை என்று இவள் சொன்னால் ஊர் எதை நம்பும், பிள்ளையை நம்புமா என்று எனக்குத் திக்கென்றது. வளையத்தை எல்லாருக்கும் காட்டலாம் என்று நான் எழுந்தேன். அவள் என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வாசலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். என்ன சொல்லித் தொலைக்கப் போகிறாளோ என்று ஒரு வார்த்தை விடாமல் கேட்க வேண்டும் எனக்கு.

அவள் படியில் நின்று தம்பியைப் பார்த்துச் சொன்னாள்.

"நம்ம புள்ளதான்டா. நானே பார்த்தேன், அடையாளம் கீது. ரெண்டு வாட்டி ஆத்தா புள்ளய எடுத்துக்கினா. இந்த வாட்டி கொண்டய மட்டும் எடுத்துக்கினு, புள்ளய நம்மகிட்ட வுட்டுட்டா."

உடுக்கை வைத்திருந்தவன் அதை அடிக்க மறந்து நின்றான். தகப்பன்காரன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். நாத்தனார் படியிலேயே உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.